சேதி ஒன்றுமில்லை

திங்கட்கிழமை காலை முஸல்லம் ஒட்டகங்களை முன்னால் விட்டு, பிக்கப்பில் பின்னாலேயே தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பியபோது வழியில் குச்சிகள் நின்றன. இரும்புக் குச்சிகள். தலையில் சிவப்புப் பெயின்ட். மூடுபனி விலகவில்லை என்பதால் முதல் ஆறேழு மட்டும் தெரிந்தன. பிக்கப்பை நிறுத்திவிட்டு வரிசையோடு நடந்தார். நாற்பது வரை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

வரிசை அவருடைய கூடாரங்களுக்கும் எண்ணெய் முகாமின் தண்ணீர்த் தொட்டிக்கும் குறுக்கே போயிற்று. இன்றைக்கு அந்தத் தொட்டி ஏழு கிலோமீட்டர். குச்சிகள் வேலியானால் சுற்றிக்கொண்டு ஐம்பது. பிக்கப் போய்விடும். ஜூன் மாதத்தில் குட்டி போட்ட ஒட்டகம் போகாது. அவரிடம் இருந்தவை முப்பத்தொன்று. வேறு தண்ணீர் கிடையாது.

ஒரு குச்சியை ஆட்டிப் பார்த்தார். அடியில் சிமென்ட் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் திரும்பியதும் மனைவி ஸலாமாவிடம் சொன்னார். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

“எந்தக் கம்பெனி? எண்ணெயா, வெயிலா?”

“வெயில்.”

“அப்ப பகீத்தப் போய்க் கேளுங்க. அவன்தான இப்ப வெயிலுக்கு மருமகன்.”

பகீத் முஸல்லத்தின் சித்தப்பா மகன். பதினெட்டு வயது இளையவன். ஒரு வருடமாக வெயில் கம்பெனியில் வேலை. மேய்ப்பவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே பேச ஆள் வேண்டும் என்று எடுத்திருந்தார்கள். வெள்ளை வண்டி, கறுப்புக் கண்ணாடி, இரண்டு போன். மகன்கள் இருவரையும் மஸ்கட்டுக்கு அனுப்பி, வெயில் தகடுகளை மாட்டும் வேலை படிக்க வைத்தான். கம்பெனி வெயிலில் மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு கடல்நீரைப் பிளந்து, வரும் வாயுவைக் கப்பலில் ஏற்றப்போகிறது என்று சமவெளி முழுவதும் சொல்லித் திரிந்தவன் அவன்தான். எண்ணெய் தீர்ந்தாலும் இது தீராது என்பான்.

முஸல்லத்துக்குக் கம்பெனிகளைத் தெரியும். இருபது வருடம் எண்ணெய்க் கிணற்று வாசலில் காவல் இருந்தவர். எண்ணெய்க்காரர்கள் கேட்டது ஒரு துளை. துளைக்குப் பக்கத்திலேயே ஒட்டகம் படுத்து அசைபோடும். இவர்கள் கேட்பது தரை. தரையைக் கேட்பவன் சிரித்துக்கொண்டே வந்தால் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் டவுனுக்குப் போனார். துணை ஆட்சியர் வடக்கு மலைப் பக்கத்து ஆள். மரியாதையாக உட்காரவைத்து, கோப்பைத் திருப்பிக் காட்டினார். நான்கு மாதத்துக்கு முன் மேய்ப்பவர்களிடம் நேரில் கேட்கப்பட்டது, ஆட்சேபணை ஏதுமில்லை என்று எழுதியிருந்தது. ஆறு பெயர்கள். முதல் பெயர் முஸல்லம். கேட்டு மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் பகீத்தின் கையெழுத்து.

தான் அப்படிச் சொல்லவில்லை என்றார் முஸல்லம். ஒலிப்பதிவு இருக்கிறது, கம்பெனியிடமிருந்து வரவழைக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார் துணை ஆட்சியர். வியாழக்கிழமை நண்பகலோடு கோப்பு மூடப்படும் என்பதையும் சொன்னார்.

அங்கிருந்து நேராக ஒட்டகப் பந்தயத் திடலுக்குப் போனார் முஸல்லம். பயிற்சி பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பகீத்தும் நின்றிருந்தான். அண்ணனைக் கண்டதும் வழக்கம்போல் மூக்கோடு மூக்கு வைத்து வணங்க முகத்தை நீட்டிக்கொண்டு வந்தான். முஸல்லம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என் வாயில இல்லாத பேச்ச எங்கேருந்து எடுத்த, தம்பி?”

“இருந்ததத்தான்ணே எழுதினேன்.”

“கண்ணாடியக் கழட்டிட்டுச் சொல்லு, பாப்போம்” என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரித்தார்கள். பகீத் கழற்றவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

சாயங்காலத்துக்குள் சமவெளியில் எல்லோரும் பகீத்தைப் பற்றி ஒன்று வைத்திருந்தார்கள். இருபது நாளாக அவன் யார் வீட்டிலும் சாப்பிடவில்லை என்றார் ஒருவர். போன் பேசும்போது தள்ளிப் போய்ப் பேசுகிறான் என்றார் இன்னொருவர். குச்சி நடுவதற்கு முந்தின வாரம்தான் தன் ஒட்டகங்களைத் தெற்கே மாற்றினான் என்று ஸலாமா நினைவுபடுத்தினாள். அது மழை பெய்த பக்கம், எல்லோரும்தான் போனார்கள். ஆனாலும் முஸல்லத்துக்கு அது மனத்தில் தங்கியது.

புதன்கிழமை துணை ஆட்சியர் பதிவைப் போட்டார். சின்னக் கருவி. முதலில் காற்று. வண்டிக் கதவு. வணக்கங்கள். பிறகு மஸ்கட்டிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி ஹிலாலின் குரல், சுத்தமான அரபியில்:

“இந்தத் திட்டத்துல இவங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கான்னு கேளுங்க.”

பிறகு பகீத்தின் குரல். அவன் தங்கள் ஹர்ஸூஸிப் பேச்சில் கேட்டான்:

“சேதி என்ன?”

முஸல்லம் தன் குரலைக் கேட்டார். கருவியில் அது இன்னும் வயதான ஆளின் குரலாக இருந்தது.

“சேதி ஒண்ணுமில்ல. நல்லதுதான்.”

பகீத் மறுபடி கேட்டான். மறுபடி அதே பதில். மூன்றாம் முறையும் அப்படியே. மற்ற ஐந்து பேரும் வரிசையாக அதையே சொன்னார்கள். பகீத் அரபிக்கு மாறி, ஒன்றுமில்லை என்கிறார்கள் என்றான். நல்லது என்றார் ஹிலால். காபிக் கோப்பைகள் மோதும் சத்தம். இன்னும் இரண்டு இடம் போகணும், நேரமாச்சு, மன்னிச்சுக்குங்க என்றார் ஹிலால். கதவு. அவ்வளவுதான். நான்கு நிமிடம்.

துணை ஆட்சியருக்கு ஹர்ஸூஸி தெரியாது. என்ன பேசினீர்கள் என்று கேட்டார். முஸல்லம் சொன்னார். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சேதி கேட்டாரா?”

“சேதிதான் கேட்டான்.”

அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மலையிலும் அதே வழக்கம்தான். சந்தித்தவர்கள் முதலில் சேதி கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பதுதான் பதில். எது நடந்திருந்தாலும் அதுதான் பதில். முஸல்லத்தின் அண்ணன் இறந்த அன்று, அதைச் சொல்லத்தான் அவர் பெரியப்பா கூடாரத்துக்குப் போனார். சேதி என்ன என்றார்கள். ஒன்றுமில்லை, நல்லதுதான் என்று மூன்று முறை சொன்னார். பேரீச்சம்பழம் வந்தது. காபி வந்தது. குடித்து முடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தார். பிறகுதான் வாய் திறந்து சொன்னார். காபிக்கு முன்னால் வருவது வணக்கம். காபிக்குப் பின்னால் வருவதுதான் சேதி.

ஹிலால் காபி குடிக்காமல் போய்விட்டார்.

முஸல்லம் அன்றைக்கு என்ன சொல்ல வைத்திருந்தார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தரையை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வழியை மட்டும் விட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நான்கு மாதம் காத்திருந்தார். சேதி கேட்டுவிட்டுப் போனவன், மிச்சத்தைக் கேட்கத் திரும்பி வராமல் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“எனக்குப் புரியுது” என்றார் துணை ஆட்சியர். “கோப்புக்குப் புரியாது. குரல் உங்க குரல். கேள்விய மாத்திக் கேட்டேன்னு மொழிபெயர்த்தவர் எழுதிக் குடுத்தா நிறுத்திடறேன். எல்லாரையும் மறுபடி கேக்கச் சொல்றேன்.”

“எழுதினா அவனுக்கு வேலை இருக்குமா?”

துணை ஆட்சியர் கோப்பை மூடினார். “நாளைக்கு நண்பகல்” என்றார்.

பகீத்தின் வீட்டுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். வழியெல்லாம் முஸல்லம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்ப் பழக்கத்தில் கேட்டானா, தெரிந்து கேட்டானா? ஹிலால் கேட்டிருந்தால் தெரியாமல் செய்த தவறு எனலாம். பகீத் இந்த மண்ணில் பிறந்தவன். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் வரும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் கேட்டால் அது பொறி. ஆனால் தான் அவன் இடத்தில் இருந்திருந்தால் வேறு எதைக் கேட்டிருப்போம் என்றும் யோசித்தார். விடை கிடைக்கவில்லை. அது எரிச்சலாக இருந்தது.

பகீத் வாசலில் நின்றிருந்தான். முன்பே யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். இந்த முறை அவன் மூக்கை நீட்டவில்லை. கையை மட்டும் கொடுத்தான். உள்ளே உட்காரவைத்தான். “சேதி என்னண்ணே?” என்றான்.

ஒன்றுமில்லை என்றார் முஸல்லம். மூன்று முறை சொன்னார். பேரீச்சம்பழம் வந்தது. பகீத் தானே காபி ஊற்றினான். மூன்று கோப்பை குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

“எழுதித் தரேன்” என்றான் பகீத்.

உடனே சொன்னான். முஸல்லம் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். கத்துவான், பிள்ளைகளின் படிப்பைச் சொல்வான், திடலில் பட்ட அவமானத்தைச் சொல்வான் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

“வேணும்னுதான் அப்படிக் கேட்டியா?”

பகீத் காபிக் கெண்டியைத் தள்ளி வைத்தான்.

“காபி ஊத்தறதுக்கு முன்னாடி உங்க குறை என்னன்னு கேட்டிருந்தா, என்ன பண்ணியிருப்பீங்க?”

“எழுந்து போயிருப்பேன்.”

“அப்புறம் என்ன?”

“அவன் போனப்புறம் நீ வந்து கேட்டிருக்கலாம்.”

“நீங்க என்னத் தேடி வந்திருக்கலாம். உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே தூரம்தான்ணே.”

அது பதில் இல்லை என்று முஸல்லத்துக்குத் தெரிந்தது. பொய்யும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத முகம். அதில் சித்தப்பாவின் சாயல் இருந்தது. வேறு ஒன்றும் எடுக்க முடியவில்லை.

பகீத் காகிதம் எடுத்து நான்கு வரி எழுதினான். அதிகாரி சொன்ன கேள்வியைத் தான் கேட்கவில்லை, வழக்கமான நலம் விசாரிப்பை மட்டும் கேட்டேன், அதற்கு வந்த பதிலை ஆட்சேபணை இல்லை என்று எழுதியது தவறு. கையெழுத்துப் போட்டான். பெருவிரல் வைத்தான். நீட்டினான். முஸல்லம் வாங்கியபோது அவன் காகிதத்தை விடவில்லை.

“ஒண்ணு சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எண்ணெய் முகாமை நாலு வருசத்துல மூடறாங்க. எண்ணெய்க் கிணத்துல மேல வரதுல பாதிக்கு மேல உப்புத் தண்ணி. அவங்க போனா தொட்டியும் போகும், குழாயும் போகும். அந்தக் குழாய் நமக்காகப் போட்டதில்ல, அவங்க குளிக்கப் போட்டது. வெயில்காரன் வரைபடத்துல மேய்ப்பவங்களுக்குன்னு ஒரு தண்ணிக் குழாய் இருக்கு. நான் பாத்தேன். வேலி வராட்டி அதுவும் வராது.”

“வரைபடத்தக் காட்டு.”

“எங்கிட்ட இல்ல. ஹிலால் ஆபீசுல இருக்கு.”

“இத ஏன் நாலு மாசமா சொல்லல?”

“யாரு கேட்டாங்க?” என்றான் பகீத். காகிதத்தை விட்டான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு முஸல்லம் அதைத் துணை ஆட்சியரின் மேசையில் வைத்தார். வைப்பதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்தார். முகாம் மூடும் என்பது உண்மையாக இருக்கலாம். தன்னைத் தடுக்க பகீத் கடைசியாக எடுத்து வீசியதாகவும் இருக்கலாம். தடுக்க நினைத்தவன் எழுதாமலே இருந்திருக்கலாமே. எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று தெரிந்தவனாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னொரு பக்கம் வந்தது. கடைசியில், கண்ணால் பார்த்த தொட்டியையே அவர் எடுத்துக்கொண்டார்.

துணை ஆட்சியர் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் அளவெடுப்பவர்கள் வரவில்லை. குச்சிகள் நின்றன, கம்பி வரவில்லை. பகீத்தின் வெள்ளை வண்டி போயிற்று. பழைய பிக்கப்பில் அவனைப் பார்த்ததாக ஆட்கள் சொன்னார்கள். திருடனைப் பிடித்துவிட்டதுபோல் பந்தயத் திடலில் முஸல்லத்தின் தோளைத் தட்டினார்கள். அவன் திருடன் என்று நான் சொல்லவில்லையே என்றார். நீங்கள்தானே முதலில் சொன்னீர்கள் என்றார்கள்.

ஸலாமா ஒரு நாள் கேட்டாள். “தொட்டி நம்ம கையிலதான இருக்கு. இன்னும் ஏன் முகம் இப்படி?”

“ஒண்ணுமில்ல” என்றார்.

ஏப்ரல் கடைசியில் சூடு ஏறியது. ஒட்டகங்கள் குச்சிகளுக்கு நடுவே நுழைந்து தண்ணீருக்கு நடந்தன. முகாம் வாசலில் நிற்கும் லாரிகளை முஸல்லம் இப்போது எண்ண ஆரம்பித்திருந்தார். சாமான் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பார்த்தார். இரண்டு லாரிகள் கட்டில்களை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தன. பழைய கட்டிலாக இருக்கலாம்.

குழாயைத் திறந்தார். தண்ணீர் தொட்டியில் விழுந்தது. கையை நீட்டி அதன் வேகத்தைப் பிடித்துப் பார்த்தார். முகாமில் பம்ப் பார்க்கும் நஸீம் நிழலில் உட்கார்ந்திருந்தான். பலூச்சிஸ்தான் பக்கத்து ஆள்.

“மெதுவா வருதே?”

“எப்பவும் போலத்தான் வருது, பாபா.”

முஸல்லம் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தத்தை அவர் நின்று கேட்டார். ஒட்டகங்கள் குடித்துத் தலைதூக்கி, மறுபடி குனிந்து குடித்தன. கடைசி ஒட்டகம் நகர்ந்த பிறகும் அவர் குழாயை மூடவில்லை.