ஸ்பெயினுக்குப் போகாத இறால்

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது அமான்சியோ போன் செய்தான். ஸ்பெயினில், வீகோ துறைமுகத்தில் எங்கள் இறாலைப் பதினைந்து வருஷமாக வாங்குகிறவன். எடுத்ததும் ஏதாவது கிண்டல் செய்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"ஷோனக், உக்காந்திருக்கியா?"

"கொட்டகை கழுவிக்கிட்டிருக்கேன். சொல்லு."

"செத்துப் போச்சு. அம்புட்டும். ஒண்ணுகூட அசையல."

கையிலிருந்த தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றேன். பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

என் தம்பி டார்க்கில் இரண்டு வாரம் கடலடியில் பொறிக்கூடு போட்டுப் பிடித்தது அது. நாங்கள் சும்மா இறால் என்றுதான் சொல்வோம்; விரல் நீளக் கொடுக்கு, ஆரஞ்சு ஓடு. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று பிய்த்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் தனிக் குழலில் நிறுத்தி, ஈரமும் குளிரும் காத்து, உயிரோடு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் எங்கள் ஊர் ஆர்ட்வோரனில் திங்கட்கிழமை லாரி ஏறினால் புதன்கிழமை விடிகாலை வீகோ சந்தையில் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். ஒரு துண்டுச் சீட்டு போதும்.

நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தபின் அந்தப் பாதை அதேதான், தூரம் மட்டும் கூடிவிட்டது. ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் பத்துப் பேரின் பெட்டிகள் ஒரே லாரியில் போகும்; ஒருவருடைய தாளில் ஒரு எண் பிசகினாலும் பத்துப் பேரின் சரக்கும் நிற்கும். அன்று நின்றது யாரோ ஒருவருடைய சால்மன் பெட்டிக் கணக்கு ஒத்துப்போகாததால். பிரெஞ்சுத் துறைமுகத்தில் இரண்டு நாள். சால்மன் ஐஸில் செத்துக் கிடந்த மீன், அதற்கென்ன? எங்கள் இறால்தான் மூச்சு முட்டிப் போனது.

"உன்மேல தப்பில்ல. எம்மேலயும் தப்பில்ல. அதான் எரிச்சலே. யாரைத் திட்டுறதுன்னே தெரியல" என்றான் அமான்சியோ. பிறகு, "அடுத்த லோடு வருமா?" என்று மெல்லக் கேட்டான். ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் இந்த இறால் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை. எங்களுக்கும் அந்த ஒரு வாரம்தான் பாதி வருஷ வருமானம்.

லாரிக் கம்பெனிக்குப் போன் செய்தேன். புத்தாண்டு கழிந்துதான் இனி வண்டி என்றார்கள்.

டார்க்கில் மத்தியானம் படகைக் கட்டிவிட்டு வந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அமான்சியோ சொன்ன மாதிரியே சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"துறைக்கு அடியில தண்ணிக்குள்ள இன்னும் நானூறு கிலோ உசுரோட கிடக்குக்கா."

"தெரியும்."

"திரும்பக் கடல்ல கொட்டிர்றேன்."

"கிறுக்கா உனக்கு? இங்கயே விப்போம்."

"இங்க யாரு திங்கிறா? இந்த ஊர்க்காரனுக்குப் பொட்டலத்துல ரொட்டித்தூள் பூசி வந்தாத்தான் இறால். தலை, கொடுக்கோட நீட்டினா ஓடிருவான்."

"வண்டியில போட்டு இன்வர்னஸுக்குக் கொண்டு போவோம்."

"நான் படகுக்காரன். தெருவுல நின்னு கூவி விக்கிறவன் இல்ல."

அப்போது என் வாயை அடக்கியிருக்கலாம். ஓட்டெடுப்புப் பற்றி எங்கள் இரண்டு பேருக்குள்ளும் ஆறு வருஷமாகப் பேச்சே கிடையாது. அவன் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டான். படகில் கொடி கட்டி, துறையில் நின்று மற்றவர்களையும் போடச் சொன்னான். நம் கடல் நமக்கே வரும் என்று நம்பினான். நான் மாற்றிப் போட்டேன். அதற்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து வரும் குழல்களின் விலை ஏறியது. படகு எஞ்சினுக்கு ஒரு உதிரிப் பாகம் வர ஆறு வாரம் ஆனது. கொட்டகையில் அடுக்கிக் கொடுத்த லிதுவேனியப் பெண்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. படகில் கூட இருந்த முர்டோ மாதச் சம்பளம் நிச்சயம் என்று மீன் பண்ணைக்குப் போய்விட்டான். வருஷா வருஷம் அமான்சியோ பரிசாக அனுப்பும் உப்பிட்ட பன்றித் தொடைகூட எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு விழுங்கவில்லை.

"நீ கேட்டதுதானேடா. அனுபவி."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் தேவலை. அடி வாங்கிய மனிதன்போல இருந்தான். "ஊருக்கே சொன்னேன்ல" என்றான். "முர்டோகிட்டயும் நாந்தான் சொன்னேன்." கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினான்.

வாசலில் பெகோன்யா நின்றுகொண்டிருந்தாள்.

அவள்தான் கையெழுத்துப் போடும் மருத்துவர். ஸ்பெயினில் அஸ்தூரியாஸ்காரி, இந்தப் பக்கம் வந்து பதினோரு வருஷம். காலையில் ஆடு மாடு வெட்டும் கூடத்தில் சோதனை வேலை, மத்தியானம் எங்களைப் போன்ற கொட்டகைகள். அடுத்த லோடைப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன்; லாரி இல்லை என்று சொல்ல மறந்துபோனேன். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இன்னிக்கு எனக்கு வேலை இல்ல" என்று பையைக் கீழே வைத்தாள். "சரி, டாக்டரா வரல, வாங்க வந்தேன்னு வச்சுக்கோ. மூணு கிலோ போடு. பெருசாப் பாத்து."

"மூணு கிலோவா? நீ ஒருத்திதானே?"

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்ல பத்துப் பேரு. என்னை மாதிரி ஊருக்குப் போக முடியாததுக. டார்க்கில், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. உங்க வீட்ல அன்னிக்கு என்ன சாப்பாடு?"

"வான்கோழி" என்றான் அவன்.

"கடவுளே! கைக்கெட்ற தூரத்துல இதை வச்சுக்கிட்டு, காஞ்சுபோன கோழியத் தின்னுட்டு, இதை ரெண்டாயிரம் மைல் தள்ளி எங்க அம்மாவுக்கு அனுப்பி வச்சிருக்கீங்க. எங்கம்மா சார்புல நன்றி."

டார்க்கிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். பெகோன்யா பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"ஓட்டு எண்ணின மறுநாள் காலையில கூடத்துல ஒருத்தர் எங்கிட்ட வந்து, எப்ப மூட்டை கட்றேன்னு கேட்டாரு."

"யாரு அவன்?" டார்க்கில் ஒரு அடி முன்னால் வந்தான்.

"உக்காரு, உக்காரு. மோசமான ஆளெல்லாம் இல்ல. இப்ப என் கையெழுத்துக்கு வாசல்ல நின்னு, டீ வேணுமா டாக்டர்னு கேக்கறாரு. ரெண்டு சர்க்கரை போட்டுத் தரச் சொல்றேன்." அவள் கண்ணைத் துடைத்தாளா, நெற்றியைத் துடைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "மூட்டை கட்டத்தான் இருந்தேன். பெட்டியெல்லாம் எறக்கி வச்சேன். அப்புறம் பாத்தா, இங்க இருந்த பாதி டாக்டருங்க போயிட்டாங்க, வேலை ரெண்டு மடங்கு. சரி, யாராவது இருக்கணுமேன்னு இருந்துட்டேன்."

டார்க்கில் தரையைப் பார்த்தபடி, "நான் உன்னை நெனச்சுப் போடல அந்த ஓட்டை" என்றான்.

"தெரியும். யாருமே என்னை நெனச்சுப் போடலதான்" என்றாள் அவள். அதில் குத்தலும் இருந்தது, குத்தல் இல்லாமலும் இருந்தது. பிறகு போனை எடுத்தாள். "இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில எத்தனை ஊரு நர்ஸ் இருக்காங்கன்னு தெரியுமா? போர்ச்சுகல், பிலிப்பைன்ஸ், கேரளா. எல்லாம் கடல் தின்னு வளந்தவங்க. எதிர்ல சர்ச்சு இருக்கு, பாதிரியார்கிட்ட நான் பேசறேன். நாளைக்கு ஷிப்ட் மாறுற நேரத்துக்கு வண்டியோட வாங்க. கூவ வேண்டாம் டார்க்கில், சும்மா நில்லு போதும்."

மறுநாள் விடியுமுன் இரண்டு பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் மழை. அவன் வண்டி ஓட்டினான், ரேடியோ போடவில்லை. பாதி வழியில் ஆடுகள் சாலையை மறித்து நின்றபோது, "யாரும் வரலன்னா?" என்றான். "வரலன்னா நாமளே திம்போம்" என்றேன்.

சர்ச் முற்றத்தில் வண்டிக் கதவைத் திறந்துவைத்து நின்றோம். முதல் கால் மணி நேரம் ஒரு நாய் மட்டும் வந்து மோந்து பார்த்தது. டார்க்கில் கைகளைப் பைக்குள் விட்டு, யாரோ வேறு ஒருவருடைய வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் நின்றான். பிறகு ராத்திரி வேலை முடித்த பெண்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் கோட்டுக்கு மேல் பெரிய கம்பளிச் சால்வை சுற்றிய மலையாளிப் பெண், பெயர் ஜின்சி என்று பிற்பாடு தெரிந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு இறால் கொடுக்கைத் தூக்கியது.

"அய்யோ, உசுரோட இருக்கு!" என்று திரும்பிக் கத்தினாள். "லீலாம்மா, ஓடி வா, உசுரோட இருக்கு!" பிறகு டார்க்கிலிடம் வந்து, "எப்ப பிடிச்சது?" என்றாள்.

"போன வாரம். கடல்லயே வச்சிருந்தோம். நேத்து ராத்திரிதான் தூக்கினது."

"எங்க கடல்?"

"இங்கதான். ரெண்டு மணி நேரம் தள்ளி."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எங்கயோ வியட்நாம்ல ஐஸ்ல போட்ட இறாலை வாங்கித் தின்னுட்டிருக்கேன். இத்தனை நாளும் நீங்க எங்க போனீங்க?"

"ஸ்பெயினுக்குப் போச்சு எல்லாம்."

"நல்லா இருக்கு நியாயம். சரி, கிலோ எவ்வளவு? என்னது! கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சேட்டா, எட்டுப் பேருக்கு வாங்கறேன்."

டார்க்கில் வாழ்க்கையில் பேரம் பேசியதில்லை. அவன் பிடிப்பான், நான் விலை சொல்வேன், அமான்சியோ முனகுவான், அதோடு முடிந்தது. முகமெல்லாம் சிவந்து என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே சில்லறைப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"கிலோவுக்குக் குறைக்க மாட்டேன்" என்றான் கடைசியில். "ஆனா மேல ரெண்டு கைப்பிடி போடறேன். தலையை வெட்டிக் குடுக்கவா?"

"தலையையா? தொடாதீங்க! ருசியே அதுலதான் இருக்கு."

"என் பொண்டாட்டிகிட்ட வந்து இதச் சொல்லணும் நீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கூவ வேண்டிய தேவை வரவில்லை. போர்ச்சுகல்காரர்கள் வந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, அந்த ஊர்க்காரர்களும் எதற்கு வரிசை என்று தெரியாமலே வந்து நின்றார்கள். வயதான ஒருவர், இதை எப்படிச் சமைப்பது என்று டார்க்கிலிடம் கேட்டார். "உப்புத் தண்ணி கொதிக்கணும், போட்டு ரெண்டு நிமிஷம், எடுத்துரணும்" என்றான். பின்னால் நின்ற ஜின்சி விடவில்லை. "அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. மிளகு, பூண்டு, தேங்கா எண்ணெ..." அந்தக் கிழவர் இரண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

பெகோன்யா மத்தியானம் வந்தபோது வண்டி காலி. அவளுக்கென்று எடுத்துவைத்த மூன்று கிலோவுக்கு டார்க்கில் காசு வாங்கவில்லை. அவள் திணித்தாள், அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "சரி, அப்ப இருபத்தி நாலாம் தேதி ராத்திரி எங்க வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் வாங்க, குடும்பத்தோட" என்றாள். அவன் ஏதோ சாக்குச் சொல்வான் என்று நினைத்தேன். "வான்கோழிய என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டான்.

மிச்சம் இருந்ததையும் அந்த வாரத்திலேயே விற்றோம். செத்துப்போன லோடின் நஷ்டம் அதில் அடைபடவில்லை. அதை அடைக்க அடுத்த கோடை வரை ஆனது. ஜனவரியில் லாரி மறுபடி ஓடியது. அமான்சியோவுக்கு முன்பு வாரம் மூன்று முறை அனுப்பினோம், இப்போது ஒருமுறைதான். அவனும் மொராக்கோ பக்கம் வேறு ஆள் பார்த்துக்கொண்டான்; வருத்தப்பட முடியாது, அவனுக்கும் கடை நடக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை தோறும் வண்டி இன்வர்னஸுக்குப் போகிறது, சனிக்கிழமை இன்னொரு ஊருக்கு. பக்கத்துக் கடற்கழியில் கூடு போடும் இரண்டு படகுக்காரர்களும் தங்கள் நண்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். முர்டோ இன்னும் மீன் பண்ணையில்தான் இருக்கிறான், விடுமுறை நாளில் மட்டும் படகுக்கு வருகிறான். வண்டி ஓட்ட ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதை டார்க்கில் கேட்கவில்லை. "அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு வேற யாருக்குத் தெரியும்?" என்கிறான்.

ஓட்டைப் பற்றி இப்போது பேசிக்கொள்கிறோம். போன வியாழக்கிழமைகூடப் போகும் வழியெல்லாம் சண்டை. கடல் உரிமையை ஒழுங்காகக் கேட்டு வாங்கத் தெரியாத ஆட்கள் கெடுத்துவிட்டார்கள் என்றான் அவன். வாங்க முடியாததை வாங்கித் தருவதாகச் சொன்னவர்களை நம்பினாய் என்றேன் நான். இன்வர்னஸ் வரும் வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சர்ச் முற்றத்தில் ஏழெட்டுப் பேர் குடை பிடித்துக்கொண்டு ஏற்கெனவே நின்றார்கள்.

"இறங்கு, இறங்கு, மிச்சச் சண்டையைத் திரும்பிப் போறப்ப வச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் வண்டிக் கதவைத் திறந்தான்.