சூடான் பஞ்சின் ருசி

எழுபத்தெட்டாம் வருஷம் எனக்கு சூடான் பஞ்சின் மேல் பொறாமை வந்தது. மனிதர் மேல் பொறாமைப்படுவது எல்லாருக்கும் உள்ளதுதான். பஞ்சின் மேல் பட்டவன் கோவில்பட்டி தாலுகாவிலேயே நான் ஒருவன்தான்.

அதுவரை சங்கரபாண்டி முதலாளியின் மில்லுக்கு என் கரிசல் பஞ்சுதான். அவர் நூல் நூற்று, நெய்யக் கொடுத்து வாங்கி, மில்லை ஒட்டிய கொட்டகையில் சட்டை தைத்து விற்பார். என் பஞ்சில் நெய்த சட்டை ஒன்றைக் கழுகுமலைச் சந்தையில் ஒரு பசுமாடு கவ்வி இழுத்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டுக்குத்தான் வாய் கோணிக்கொண்டது. பிறகு அது ஈன்ற கன்றுக்கும் கோணல் வாய்தான்.

அந்த வருஷம் பம்பாய் வியாபாரி ஒருவர் மெல்லிசுச் சட்டை கேட்டார். கரிசல் பஞ்சுக்கு இழை குட்டை, மெல்லிசு நூல் வராது. இது எனக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கோயம்புத்தூரிலிருந்து நந்தகோபால் என்று ஒரு பஞ்சு நிபுணர் வந்து சேர்ந்தார். தபால் உறையில் வந்த கையளவு மாதிரியைப் பார்த்துவிட்டு, சூடான் தேசத்திலிருந்து நூறு பேல் கட்டுப் பஞ்சு வரவழைக்கச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பொதிக்குள் தோள்வரை கையை விட்டு அடிப்பஞ்சை உருவிப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள்.

மில்லில் நந்தகோபாலுக்குக் கைவைத்த நாற்காலி போட்டார்கள். எனக்குப் பத்து வருஷமாய்ப் பெஞ்சுதான். அவருக்கு டீ சாஸரோடு வந்தது. என் டீக்குச் சாஸர் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் எட்டுப் பொதிப் பஞ்சும் விலை போகாமல் வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது.

என் வீட்டுக்காரி வெயிலம்மாள் மில் வாசலில் கடலைமிட்டாய் விற்பவள். அவள் சொன்னாள்: "அவிய பஞ்சு கப்பல்ல வருதாம்லா. உம்ம பஞ்சு மாட்டு வண்டியில போவுது. முதலாளி எதை மதிப்பாரு?"

"வரட்டும்ட்டி. கடல்தண்ணி பட்டு உப்புக் கரிச்சிக்கிட்டுத்தான் வந்து சேரும்."

கப்பல் ஒன்றரை மாதம் பிந்தியது. மில் பாதி நாள் சும்மா கிடந்தது. இன்னும் பிந்தட்டும் என்று கழுகுமலை முருகனுக்குச் சூடம் கொளுத்தினேன். சூடம் நல்ல சூடம் இல்லைபோல, கப்பல் வந்துவிட்டது.

குறை கண்டுபிடிக்கவென்றே, பேல்களை அடுக்கியிருந்த மில் கிட்டங்கிக்குப் போனேன். பஞ்சைப் பார்த்தால் விதையைக் கடித்துப் பார்ப்பது என் பழக்கம். கடக்கென்று உடைந்தால் ஈரமில்லை என்று அர்த்தம். ஆனால் இது விதை நீக்கிய பஞ்சு. பழக்கதோஷத்தில் பஞ்சையே வாயில் போட்டுவிட்டேன்.

இனித்தது.

வயிறு எரிந்தது எனக்கு. வெள்ளையாய் இருக்கிறது, இழை நீளமாய் இருக்கிறது, கப்பலில் வந்திருக்கிறது. போதாதென்று இனிக்கவும் செய்கிறதா? இதைச் சொன்னால் நந்தகோபாலுக்கு இரண்டு சாஸர் வைப்பார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மில் உருளைகளில் பஞ்சு ஒட்டிச் சுற்றிக்கொண்டது. நூல் அறுந்து அறுந்து விழுந்தது. கடம்பூர் வரைக்கும் உள்ள எறும்பெல்லாம் வரிசையாக வந்துவிட்டன. ஒரு பேலை அவை வாசல்வரை தூக்கிவந்ததை நானே பார்த்தேன். காவல்காரன் கேட்டைச் சாத்திவிட்டதால் நிறுத்திவிட்டன.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, உங்க வீட்டம்மாவைக் கடையை எடுக்கச் சொல்லுங்க. பயலுவ மிட்டாய் தின்ன கையோட நூலைத் தொடுதானுவ. எல்லாம் பிசுபிசுங்குது."

"அதேதான்" என்றார் நந்தகோபால், நாற்காலியில் சாய்ந்தபடி.

வாசலில் கேட்டுக்கொண்டிருந்த வெயிலம்மாள் தட்டை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பத்து வருசமா இதே மிட்டாயைத்தானே திங்கானுவ? அப்ப ஒட்டலியே, இப்ப ஏன் ஒட்டுது? வாயில என்ன வச்சிருக்கீரு, சொல்லுமே!"

சொன்னால் எதிராளியின் பஞ்சைப் புகழ வேண்டும். சொல்லாவிட்டால் அவள் கடை போய்விடும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். பொறாமைதான் கொஞ்சம் கனமாக இருந்தது. ஆனால் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி, அந்தப் பஞ்சே இனிக்குது" என்றேன். சொல்லும்போது நாக்கு கசந்தது.

முதலாளி ஒரு துணுக்கை வாயில் போட்டுச் சப்பினார். கண் விரிந்தது. நந்தகோபாலும் சப்பினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அங்க செடியில வெள்ளை ஈ விழுந்திருக்கு சார். அது கழிக்கிற பிசின்தான் இது. மாதிரியில இல்லை..."

முதலாளி துப்பினார். நான் அதற்குள் மூன்று தடவை ருசி பார்த்திருந்தேன், அதைச் சொல்லவில்லை.

பம்பாய்க்காரர் தவணை தப்பியதென்று கைவிட்டார். மதுரையில் கனத்த சட்டை கேட்டவருக்காக முதலாளி என் வீட்டுக்கே வந்தார். பொதிக்குள் தோள்வரை கையை விட்டு அடிப்பஞ்சை உருவி, வாயில் போட்டுச் சப்பினார்.

"சப்புன்னு இருக்கு அண்ணாச்சி! இதைத்தான் தேடுனேன். எட்டுப் பொதியும் எனக்குத்தான்."

அவர் போனபின் வெயிலம்மாள் கேட்டாள்: "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாருலா? இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு?"

"சப்புன்னு இருக்குங்காருட்டி."

அவள் ஒரு கடலைமிட்டாயை என் வாயில் திணித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மில் வாசலுக்குப் போனாள்.

நான் என் பஞ்சில் ஒரு கை அள்ளி எறும்புப் புற்றருகே வைத்துப் பார்த்தேன். எறும்பெல்லாம் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டன.