மூன்றாவது வரிசையில் கிரிஸ்பினின் அம்மா

1.

இந்தக் கதை எனக்கு நேர்வழியில் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு பப்பின் மாடியில், எண்பது நாற்காலி போட்ட நகைச்சுவை அரங்கில், பதினாலு வருடமாக விளக்கும் மைக்கும் என் பொறுப்பு. சட்டையில் மாட்டிய மைக்கை அணைக்க மறந்துவிட்டுக் கலைஞர்கள் மேடைக்குப் பின்னால் பேசுவதெல்லாம் என் காதில் விழும். நான் ஒட்டுக்கேட்பதில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் எழுதிய வரி: "இங்கிலாந்தில் வர்க்கம் என்பது..." அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது." இந்த ஊரில் அது ஒரு செய்தியா?

ஆட்களிலிருந்தே தொடங்குகிறேன்.

2.

ஜானிஸ் ஹெப்வர்த் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் ஊரான பார்ன்ஸ்லிக்காரி. அப்பா ரெஜ் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரிஸ்பின் ஆஷ்கோமின் குடும்ப வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, பெயர்தான் உண்டு. இருவரும் பதினோரு வருடமாக ஜோடியாக மேடையேறுகிறார்கள். அவள் அவனுடைய பெரிய இடத்துப் பவிசைக் கிண்டலடிப்பாள். அவன் நெளிவான். வண்டி அதில்தான் ஓடியது.

"எங்க வீட்ல சாயங்காலம் சாப்பிடுறதுக்கு டீன்னு பேரு. நம்ம ஜமீன் வீட்ல அது சப்பர். எங்களுக்குப் பசிச்சா சாப்பிடுவோம். இவங்களுக்கு மணியடிச்சாத்தான் பசிக்கும்."

(ஜமீன் என்பது என் சரக்கு. அவள் சொன்ன சொல் வேறு. அதற்கு இதைவிடக் கிட்டத்தில் நம்மிடம் ஒன்று அகப்படவில்லை. அவளுடைய பார்ன்ஸ்லிப் பேச்சை மதுரையாக்குவதா கோயம்புத்தூராக்குவதா என்று இரண்டு நாள் அலைந்துவிட்டு, பொதுவாக விட்டுவிட்டேன்.)

அவர்களுடைய பெரிய சிரிப்பு இது:

"ஏழு வயசுல இவனை ஒரு பெட்டியோட போர்டிங் ஸ்கூல்ல விட்டுட்டு வந்துட்டாங்க. எங்க தெருவுல ஒருத்தர் தன் நாயை நாய்க் காப்பகத்துல விட்டாரு. ஆனா ஞாயித்துக்கிழமையானா போய்ப் பார்த்துட்டு வருவாரு."

அரங்கம் அதிரும். கிரிஸ்பின் தன் காலணியைக் குனிந்து பார்ப்பான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

3.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியக் காட்சி. தொடங்க அரைமணி இருக்கும்போது கிரிஸ்பின் சொன்னான்:

"எங்கம்மா வர்றாங்க."

"பதினோரு வருஷமா வராதவங்க இன்னிக்கு எதுக்கு?"

"பக்கத்துல ஏதோ செடிக் கண்காட்சியாம். அப்படியே எட்டிப் பார்க்கிறாங்களாம்."

"அப்ப நாய் வேண்டாம்."

"நாய் இருக்கட்டும், ஜானிஸ். அம்மா உடைஞ்சுபோற ஆளில்ல."

ஜானிஸ் திரையை விலக்கிப் பார்த்தாள். அவள் மனதில் பதினோரு வருடமாகக் குடியிருந்த வெனீஷியா ஆஷ்கோம் முத்துமாலையும் கையுறையும் போட்டவள். மூன்றாவது வரிசையில் இருந்தவரோ முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டரும் சேறு காய்ந்த பூட்ஸுமாக, அரை பைண்ட் பியரோடு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கந்தலாக வெளியே வர ஒருவருக்கு எத்தனை தலைமுறைத் துணிச்சல் வேண்டும் என்று ஜானிஸ் நினைத்தாள். (அவள் நினைத்தது எனக்கெப்படித் தெரியும்? பிறகு சொன்னாள்.) முத்துமாலை போட்ட அம்மாவை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். இவரை முடியாது. நாய் ஜோக்கைச் சொல்லாமல் விட்டுவிடுவதென்று முடிவு செய்துகொண்டாள்.

4.

மேடையில் நாய் ஜோக்குக்கான இடம் வந்தது. தாண்டிப் போனாள். கிரிஸ்பின் விடவில்லை.

"என் பள்ளிக்கூடத்தை மறந்துட்டியே," என்றான், எண்பது பேர் முன்னால்.

வேறு வழியில்லாமல் சொன்னாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. மூன்றாவது வரிசையிலிருந்து, மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்கிற ஒரு குரல்:

(வெனீஷியாவின் பேச்சை முதலில் மேடைத்தமிழில் எழுதினேன். நாடகத்து மகாராணி வந்து நின்றார். அடித்துவிட்டேன்.)

"நாங்க வந்தோமேம்மா. ரெண்டு தடவை. மூணாவது தடவை வரவேண்டாம்னு அவன்தான் லெட்டர் போட்டான்."

ஜானிஸுக்கு வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. "எதுக்காம்?"

"எங்க கார்ல வைக்கோல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். மத்தப் பசங்க சிரிச்சாங்களாம்."

பதினாலு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஆனால் கிரிஸ்பினின் கழுத்து காதுவரை சிவந்துவிட்டது. அவனுடைய வழக்கமான நெளிவை எனக்குத் தெரியும். இது அது இல்லை. வெளிச்சத்தை அவன் மேலிருந்து எடுத்து ஜானிஸ் மேல் போட்டேன். என்னால் ஆனது அதுதான்.

அவளுக்கு அவனை அங்கேயே தீர்த்துக்கட்ட நாலு வரி கிடைத்திருக்கும். அவள் சொன்னது வேறு.

"எங்கப்பா என் ஸ்கூல் நாடகத்துக்கு வேலைச் சட்டையோடவே வந்தாரு. யாரோ ஒருத்தர் மாதிரி அவரைத் தாண்டிப் போயிட்டேன். பத்து வயசு. நாடகம் முடியிறவரைக்கும் அவர் ஓட்டிட்டு வந்த பஸ் ஸ்கூல் வாசல்லயே நின்னுச்சு. உள்ள பயணிங்க இருந்தாங்க."

கிரிஸ்பின் சிரித்தான். நிற்க முடியாமல் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

5.

மேடைக்குப் பின்னால் போன பிறகும் மைக் வழக்கம்போல அணையவில்லை.

"ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?"

"ஜோக் நல்லாயிருந்துச்சு. நான் கேவலமா நடந்துக்கிட்டேன்னு சொல்றதைவிட அம்மாவைக் கல்நெஞ்சுக்காரியாக்கறது சுலபமா இருந்துச்சு."

"வாரம் மூணு தடவை உங்கம்மாவைத் திட்டியிருக்கேன், ஜமீனு. இன்னிக்கு வரைக்கும் அவங்களைப் பார்த்ததுகூட இல்ல."

கதவு திறந்தது. வெனீஷியா.

"நல்லாத்தான் திட்டறே," என்றார். "வர்ற ஞாயிறு மதியம் சாப்பிட வா. உங்கப்பாவையும் கூட்டிட்டு வா. என் சமையல் சுமார்தான். வீடும் குளிரும்."

"உட்காருங்கம்மா," என்றாள் ஜானிஸ்.

6.

முடிவு ஒன்று: ரெஜ் போகிறார், எந்த முட்கரண்டியை எடுப்பதென்று தெரியாமல் விழிக்கிறார்... கிழித்துவிட்டேன். ரெஜ் தொழிற்சங்க விருந்துகளுக்கு முப்பது வருடம் பொறுப்பாக இருந்தவர். முட்கரண்டி அவருக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: "அவங்க வேற, நாம வேற" என்று ரெஜ் மறுக்கிறார். நண்பர் ஒருவருக்கு இது ரொம்பப் பிடித்தது. அவர் ரெஜ்ஜைச் சந்தித்ததில்லை.

முடிவு மூன்றில் ஜோடி பிரிகிறது. எழுத மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஜானிஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் போட்டு, அப்பாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"வெறுங்கையோட போகக் கூடாது," என்றார் ரெஜ். "நம்ம கொல்லையில ருபார்ப் நல்லா விளைஞ்சிருக்கு. ஒரு கட்டு நியூஸ்பேப்பர்ல சுத்திக் கொண்டுபோலாமா? இல்ல, கடையில நல்ல ஒயினா ஒரு பாட்டில் வாங்கட்டுமா?" (ருபார்ப் என்பது இங்கே சாதாரண வீட்டுக் கொல்லையிலும் விளையும் புளிப்புத் தண்டு; சர்க்கரை போட்டு வேகவைப்பார்கள்.)

ஜானிஸ் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அவளிடம் பிறகு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புளிப்புத் தண்டு ஒரு கட்டா, பாட்டிலா? ரெஜ் லைனில்தான் இருக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.