யோனாவுக்கு முன்பே ஊதிய சங்கு

ஒரு கப்பல் கரைக்கு வரும் முன்பே அதற்கான சண்டைகளை எல்லாம் நான் போட்டு முடித்திருக்க வேண்டும். கப்பல் ஏஜென்ட் வேலை என்றால் அதுதான். கட்டுவதற்கு இடம், இழுவைப் படகு, குடிதண்ணீர், சுங்கம், சமையல்காரரின் பல்வலி, தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்ட கேப்டனுக்குப் புதுக் கண்ணாடி, எல்லாம் என் தலையில். கேப்டனுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். எந்த அதிகாரி சாப்பாட்டுக்கு முன்னால் எரிந்து விழுவார், யார் காபி குடித்த பிறகு இளகுவார், யாரிடம் முதலில் மாமியார் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தால் போதும். கிரேக்க நாட்டின் எவியா தீவில் ஸ்கலாகி துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களில் இந்தப் பொலிக்ஸேனியைத் தெரியாத கப்பல் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

கைபேசி வராத காலம் அது. ஜனவரி ஆறாம் தேதி, தண்ணீருக்கு ஆசி சொல்லும் திருநாள். காலையில் 'தாலியா' துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. கல் ஏற்ற வந்த கப்பல். மறுநாள்தான் உள்ளே வர வேண்டும், எனவே எனக்கு அன்று பெரிய வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். நல்ல பாவாடை கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டவில்லை, தொலைபேசி அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்கிரோ பேசினாள். இரண்டாவது பிரசவம். நாள் இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் விடியும்போதே வலி வந்துவிட்டது. அவள் புருஷன் ஸ்டாத்திஸ் தாலியாவில் இரண்டாம் அதிகாரி. எட்டு மாதம் கடலில் சுற்றிவிட்டு, சொந்த ஊருக்கு எதிரே, வீட்டுக் கூரை தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறான்.

முதல் பிள்ளை பிறந்தபோது அவன் பிரேசில் பக்கம் இருந்தான். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது குழந்தை தானே நடந்து வந்து கதவைத் திறந்து, "அம்மா, ஒரு மாமா வந்திருக்காரு" என்றதாம். இதை ஸ்டாத்திஸ் ஊரெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வான். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஆர்கிரோ அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, இந்தத் தடவையாவது அவரு இருக்கணும். கொண்டாந்துருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த கப்பல் மஞ்சள் கொடி கட்டியிருக்கும். துறைமுக டாக்டர் ஏறிப் பார்த்து, யாருக்கும் தொற்று இல்லை என்று சொல்லும்வரை ஒரு ஈ கூட அதிலிருந்து இறங்கக் கூடாது. டாக்டர் கிளியாந்திஸ் அந்த நேரத்தில் தேவாலயத்தில் முதல் வரிசையில் இருப்பார். அங்கிருந்து ஊர்வலம் நேராகப் படகுத்துறைக்கு, எங்கள் ஜெட்டிக்கு வரும். பாதிரியார் சிலுவையைக் கடலில் வீசுவார், பையன்கள் குதித்து எடுப்பார்கள். அந்தச் சிலுவை வெளியே வரும்வரை துறைமுகத்துக்குள் எந்தப் படகும் அசையக் கூடாது. இயந்திரம் சுற்றும் தண்ணீரில் பிள்ளைகளை விடுவார்களா?

ஆகவே ஆர்கிரோவிடம் ஒன்று சொன்னேன். சிலுவை விழும்போது கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதும், ஆஸ்பத்திரிவரை கேட்கும். அதைக் கேட்டால் புருஷன் கிளம்பிவிட்டான் என்று வைத்துக்கொள், அதுவரை பொறுத்துக்கொள் என்றேன். பிரசவ வலியில் இருப்பவளிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல என்னைப் போல ஒரு பிள்ளை பெறாதவளால்தான் முடியும்.

பிறகு பறந்தேன். தேவாலயத்தின் பக்கக் கதவால் நுழைந்து, டாக்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, விஷயத்தைக் காதில் ஓதினேன். அவர் திரும்பாமலே, இந்த வருஷம் தன் மகன் முதல்முறையாகக் குதிக்கிறான், அதைப் பார்க்காமல் எங்கும் வர முடியாது, பார்த்த மறு நிமிஷம் வருகிறேன் என்றார். நியாயம்தான். படகோட்டி ஸபீரிஸை ஜெட்டியின் கடைசிப் படிக்கட்டில் விசைப்படகோடு நிற்கச் சொன்னேன். தாலியாவின் கேப்டனிடம் வாக்கி-டாக்கியில் பேசி ஸ்டாத்திஸுக்கு விடுப்பு வாங்கினேன். ஜெட்டி முனையில் இருந்த காபிக்கடைக்காரரிடம், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எனக்குக் கை காட்டு என்று சொல்லிவைத்தேன். எல்லாம் தயார். இனி பாதிரியார் சாமி சிலுவையை வீச வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் பாதிரியார் ஹரலம்போஸ் எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவர். அந்தத் தைரியத்தில்தான் என் கணக்கு முழுவதும் நின்றது. ஆனால் அந்த வருஷம் ஒரு கப்பல் முதலாளி தேவாலயத்துக்குப் புது மைக்கும் இரண்டு ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. ஊரில் ஒரு குண்டூசி வந்து இறங்கினாலும் தெரிந்துகொள்கிற எனக்கு, இது தெரியாமல் போய்விட்டது.

சாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார். தன் குரல் மலையில் மோதித் திரும்புவதைக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீரின் மகிமையை உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆரம்பித்தார்.

ஆதியில் இருளும் தண்ணீரும் போய், நோவாவின் பேழை வந்தது. பேழையில் ஏறிய மிருகங்களை அவர் ஒவ்வொன்றாக ஏற்றினார். குதிக்கப்போகிற பையன்கள் வெறும் உடம்போடு ஜெட்டி ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். உதடெல்லாம் நீலம். டாக்டரின் மகன் கடைசியில் நின்றான், ஒல்லிப் பையன், பல் தந்தியடிப்பது எனக்கே கேட்டது. டாக்டர் என்னிடம் முணுமுணுத்தார்: "சிலுவை கிடைக்குதோ இல்லையோ, எல்லாருக்கும் நிமோனியா கிடைக்கும்."

மோசே செங்கடலைப் பிளக்கப் போனபோது காபிக்கடை வாசலில் கடைக்காரர் கையை ஆட்டினார். கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு ஓடினேன். தொலைபேசியில் மருத்துவச்சி. பிள்ளை அவசரப்படுகிறது, இவள் அடம் பிடிக்கிறாள், சங்கு ஊதிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நீ என்னம்மா சொல்லித் தொலைத்தாய் இவளிடம் என்று திட்டினாள். பின்னால் ஆர்கிரோவின் குரல் கேட்டது. அதை எழுத்தில் எழுத முடியாது.

திரும்பி வந்தேன். மோசே இன்னும் கரையேறவில்லை.

இங்கே ஒரு விஷயம். வெளியே நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களுக்கு ஜெட்டியில் நடப்பது தெரியாது. சாமியின் கை ஓங்கியதும் நான் வாக்கி-டாக்கியில் "ஊது" என்பேன், வெளியே நிற்கும் கப்பல் ஊதும். அதைக் கேட்டு உள்ளே கட்டியிருக்கும் கப்பல்கள், இழுவைப் படகு, மீன்பிடிப் படகுகள் எல்லாம் ஊதும். வருஷா வருஷம் இப்படித்தான். குதிக்கிற பையன்களுக்கும் சாமியின் கை தெரியாது. நடுவில் மேயர், ராணுவத்துக்காரர், பூக்கூடை, வெள்ளைப்புறா, இத்தனை பேர் மறைப்பார்கள். அவர்களும் சங்கைக் கேட்டுத்தான் குதிப்பார்கள். ஊரே சிலுவையைப் பார்த்துச் சங்கு ஊதுவதாக நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் என் கட்டைவிரலைப் பார்த்து ஊதியது.

நெஞ்சு படபடவென்று அடித்தது. பயமில்லை. சின்ன வயதில் அடுத்த வீட்டு அத்திமரத்தில் ஏறும்போது அடிக்குமே, அது.

பொத்தானை அமுக்கினேன். "தாலியா. ஊது."

ஸ்டாத்திஸ்தான் அந்தப் பக்கம் இருந்தான். "அக்கா, சாமி இன்னும் பேசிட்டுத்தானே இருக்காரு? உங்க ரேடியோல கேக்குதே."

"உனக்குப் பிரசங்கம் வேணுமா, பிள்ளை வேணுமா? ஊதுடா."

ஊதினான். அப்படி ஒரு ஊதலை நான் கேட்டதில்லை. எட்டு மாதத்தையும் சேர்த்து வைத்து ஊதினான். உடனே உள்ளே இருந்த கப்பல்கள் எடுத்துக்கொண்டன, இழுவைப் படகு எடுத்துக்கொண்டது, மீன்பிடிப் படகுகள் கத்தின, தேவாலய மணி அடித்தது, யாரோ புறாவையும் விட்டுவிட்டார்கள். பையன்கள் அத்தனை பேரும் தொப் தொப்பென்று கடலில் விழுந்தார்கள்.

சாமியின் ஒரு கையில் மைக், மறு கையில் சிலுவை. வாய் திறந்தபடி நின்றது. கீழே பிள்ளைகள் இன்னும் விழாத சிலுவையைத் தேடி மூழ்கி மூழ்கி எழுந்தார்கள். ஒருவன் தலையைத் தூக்கி, "சாமி, எந்தப் பக்கம் போட்டீங்க?" என்று கேட்டான். கூட்டத்தில் அடக்க முடியாத சிரிப்பு பரவியது.

சாமி திரும்பினார். மேயரைத் தாண்டி, பூக்கூடையைத் தாண்டி, அவர் பார்வை நேராக என் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் வந்து நின்றது. அவர் முட்டாள் இல்லை. கோபத்தில் கையை ஓங்கினார், எந்த வருஷமும் இல்லாத தூரத்துக்குச் சிலுவையை வீசினார். அது பையன்களின் தலைக்கு மேலே பறந்து, வெகு தூரம் தள்ளி ஸபீரிஸின் படகுக்குப் பக்கத்தில் விழுந்தது. அங்கே ஒரே ஒருவன்தான் இருந்தான். குளிரில் திசை தெரியாமல் தப்பான பக்கம் நீந்திப்போயிருந்த டாக்டரின் மகன்.

அவன் சிலுவையைத் தூக்கிக் காட்டியபோது டாக்டர் கிளியாந்திஸ் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு எனக்கு முன்னால் ஓடிப் படகில் ஏறினார். நனைந்த பிள்ளையையும் இழுத்துப் போட்டு, கம்பளியால் சுற்றி, சிலுவையோடே கிளம்பினோம். ஸபீரிஸ் இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டான்.

கப்பலில் டாக்டர் ஒவ்வொருவரின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். அவசரத்திலும் ஒன்றையும் விடவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மஞ்சள் கொடி இறங்கத் தொடங்கியது. அது பாதி வருவதற்குள் ஸ்டாத்திஸ் கயிற்றேணியில் பாதி இறங்கியிருந்தான். படகில் விழுந்தவன் என் கையைப் பிடித்தவன்தான், கரைவரை விடவில்லை.

படிக்கட்டில் சாமி காத்திருந்தார், கையில் துளசிக் கட்டும் புனித நீரும். ஸ்டாத்திஸ் அவரைத் தாண்டி ஓடினான். ஓடுகிற முதுகின்மேல் அவர் தண்ணீரைத் தெளித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரு பார்த்த வேலை?"

"நான்தான் சாமி. ஆர்கிரோவுக்கு வலி."

"மீன் முழுங்கின யோனா இன்னும் பாக்கி இருந்தான், பொலிக்ஸேனி" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு துளசியை முக்கி என் முகத்திலேயே ஓர் அடி அடித்தார். ஆசியா தண்டனையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. "நின்னு என்ன பண்றே, போ" என்றார்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்ச் சேரும்போது கதவு மூடியிருந்தது. உள்ளே ஸ்டாத்திஸின் குரல் கேட்டது, என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. மருத்துவச்சியின் அதட்டல் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் தாண்டி ஒரு சின்னக் கத்தல். நான் சுவரில் சாய்ந்து அழுதேன், நல்ல பாவாடையில் மூக்கைத் துடைத்தேன்.

கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார்கள். பெண் குழந்தை. ஆர்கிரோ வெளிறிப்போய்ச் சிரித்தாள். சங்கு கேட்ட பிறகுதான் முக்கினேன் அக்கா என்றாள். மருத்துவச்சி துணியில் சுற்றிய குழந்தையை ஸ்டாத்திஸிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. புயலில் கப்பல் ஓட்டியவன், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவற்றை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

"அக்கா, இதை எப்படிப் பிடிக்கணும்?"

ஒரு துறைமுகத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவள் நான். எனக்கும் தெரியவில்லை.

ஆர்கிரோ படுக்கையிலிருந்து கையை நீட்டி, அவன் முழங்கையைப் பிடித்து மெதுவாக வளைத்தாள். "தலை இங்க வரணும்" என்றாள். "பதறாதீங்க. நேரம் இருக்கு."