வெட்டுத்துணிப் பாவாடை

தையல்காரியின் மகள் வெட்டுத்துணிகளை இணைத்துத் தைத்த புதுப் பாவாடை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கிய காலையில், அந்தப் பாவாடை அவளை முதலில் பஸ் டிரைவர் வீட்டுக்கும், அங்கிருந்து பல் டாக்டர் வீட்டுக்கும், கடைசியாக மரக்கடைக்காரர் வாசலுக்கும் இழுத்துக்கொண்டு போனது. பால் வாங்கப் போனவள் வெறும் பாத்திரத்தோடு திரும்பினாள். தெருவில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. ஒரே துணிச்சுருளில் பிறந்த துணி ஒன்றையொன்று தேடுவது இயல்புதானே என்று விட்டுவிட்டார்கள். டிரைவர்கூட, தன் காக்கிப் பேண்ட் இந்தத் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் தன்னைச் சீட்டிலிருந்து இழுப்பது ஏன் என்று இப்போது புரிந்தது என்றார். அவருக்கு வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். "ஏம்மா, மிச்சம் ஒரு இஞ்ச்கூட இல்லன்னு சொன்னியே, இந்தக் காக்கி என்ன உன் வீட்டு மரத்துல காய்ச்சுதா?" என்று வாசலில் நின்று கேட்டார். தையல்காரிக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் திருடியல்ல. துணி கொண்டுவருகிற எல்லோரிடமும் "கால் மீட்டர் கூடவே எடுத்துட்டு வாங்க, தண்ணி பட்டா சுருங்கும்" என்பாள். சுருங்காத துணிக்கும் அதையேதான் சொல்வாள். தைத்து முடித்ததும் மிஞ்சுவது மெஷினுக்கு அடியிலிருந்த மூட்டைக்குள் போகும். எல்லாத் தையல் கடையிலும் நடப்பதுதான். அந்த மூட்டையை அவள் இத்தனை வருஷமாகத் தொட்டதுமில்லை. மகள் பிறந்ததிலிருந்து உடுத்தியதெல்லாம், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனவர்களின் உடுப்பை வெட்டிக் குறுக்கியதுதான். இப்போது தூரத்து ஊரில், ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை கிடைத்து, அடுத்த வாரம் ரயில் ஏறப்போகிறாள். "யாருக்கோ தைச்சதா இல்லாம, எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு தைச்சுக் குடும்மா" என்று கேட்டிருந்தாள். அது தாயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மூட்டையில் இருப்பது யாருக்கும் இல்லாத துணி, ஆகவே அது மகளுக்கானது என்று நினைத்துத்தான் தையல்காரி அதை அவிழ்த்தாள்.

டிரைவர் போனதும் பாவாடையைப் பிரித்தாள். துண்டுகளைக் கஞ்சியில் முக்கி, இஸ்திரி போட்டு, மறுபடி தைத்தாள். கஞ்சி போட்ட பாவாடை இன்னும் விறைப்பாக இழுத்தது. கீழ் மடிப்புக்குள் இரும்பு வளையங்களை வைத்துத் தைத்தாள். மகள் மரக்கடைக்காரர் வீட்டுக்குக் கலகலவென்ற சத்தத்தோடு போய்ச் சேர்ந்தாள். கூடவே தங்கியிருந்த நாத்தனார், காலை நீட்டி உட்கார்ந்து, "அண்ணி, பேசாம ஒரு பிரேக் வச்சுத் தைச்சுடுங்களேன்" என்றாள். தையல்காரி கத்தரிக்கோலைத் தரையில் விட்டெறிந்தாள். ஊரில் இருக்கிற உடம்புக்கெல்லாம் அளவு தெரிந்த தன்னால், பெற்ற பெண்ணுக்கு ஒரு பாவாடை தைக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எறிந்த கத்தரிக்கோலை அவளேதான் எடுக்க வேண்டியிருந்தது, அதில் எரிச்சல் இன்னும் ஏறியது.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. டிரைவர் வீடு கிழக்கே, டாக்டர் வீடு மேற்கே. எதிரெதிர் வீட்டுத் துணிகளை இடம் வலமாகப் பார்த்துப் பார்த்து இணைத்தால் இழுப்பும் இழுப்பும் சரியாகிவிடும் அல்லவா? அப்படியே தைத்தாள். கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்தது. மகளால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. மத்தியானம் முழுக்கக் கூடத்தின் நடுவில் நின்றாள், நாத்தனார் அவளுக்கு அங்கேயே தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் தையல்காரி எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் ஓரங்கள் நைந்து, இடுப்புப் பட்டிக்குத் துணி போதவில்லை. மூட்டை காலி. "ச்சே, என்ன பிழைப்புடா இது!" என்று சொல்லிவிட்டு, உடுத்தியிருந்த பழைய நைட்டியின் அடிப்பாகத்தையே சரக்கென்று கிழித்தாள். அந்தத் துணியில் பட்டி வைத்துத் தைத்ததும், காக்கியும் கட்டமும் பூப்போட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டன. மகள் தெருமுனை வரை போனாள். யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. தையல்காரி மூச்சு விடுவதற்குள், பாவாடை மகளை விறுவிறுவென்று திருப்பி அழைத்துவந்து, மெஷினுக்குப் பக்கத்தில், தாயின் முழங்காலில் இடிக்க நிறுத்தியது.

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "கழட்டுடி. இதையும் பிரிச்சுப் போடறேன். போற இடத்துக்கு ஒழுங்கா போக விடாத பாவாடை எதுக்கு?"

மகள் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இத மட்டும் பிரிக்காதம்மா. இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும். நான் நடந்துக்கறேன்."

நடந்துகொண்டாள். ரயில் நிலையத்தில் அவளை ஏற்றிவிட மரக்கடைக்காரரும் டிரைவரும் முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. தள்ளும்போது டிரைவர் காக்கித் துண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேலை பார்க்கும் ஊரில் அவள் எதிர்காற்றில் போகிறவள் மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்து நடக்கிறாள். அவளுடைய ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது என்று அங்கே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணமும் அங்கேயே ஆனது. பாவாடை இன்னும் சாயம் போகவில்லை.

தையல்காரி இப்போது யாரிடமும் கால் மீட்டர் கூடக் கேட்பதில்லை. அடி கிழிந்த நைட்டியை அவள் தூக்கிப்போடவும் இல்லை. துவைத்துப் பின்கட்டுக் கொடியில் போடுகிறாள். காற்றே இல்லாத நாளிலும் அது ரயில் நிலையம் இருக்கும் திசையில் சாய்ந்தேதான் தொங்கும். சில நாள் காலையில் அது கொடியையும் இழுத்துக்கொண்டு விறைத்து நிற்கும். அதைப் பார்த்ததும் நாத்தனார் உள்ளே போய் அரிசியில் ஒரு ஆழாக்கு கூடப் போடுவாள். அன்று சாயங்கால ரயிலில் மகள் வந்து இறங்குவாள்.