பன்னிரண்டு நடக்குது

சனிக்கிழமை பின்னேரம் றோஸ்மலர் வேலை முடிந்து வந்தபோது, மகனுடைய உதைபந்துச் சப்பாத்துகள் இரண்டும் சமையலறைக் குப்பை வாளிக்குள் கிடந்தன. முட்டைக்கோதுக்கும் தேயிலைச் சக்கைக்கும் மேலே, நாடாகூட அவிழ்க்காமல். எடுத்துத் துடைத்து யன்னலோரம் வைத்தாள். பிறகுதான் மேசையில் கிடந்த தாளைக் கண்டாள்.

கல்லூரி உதைபந்துக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் எட்ட வேண்டிய அளவுகள் அதில் இருந்தன. பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இடப்பக்கம் ஒரு நிரல், மேலே இருப்பவர்களுக்கு வலப்பக்கம் ஒரு நிரல். பந்தை நிலத்தில் விழவிடாமல் நூறு தரம் காலால் தட்ட வேண்டும். மகன் அருட்பிரகாசம் நூற்று அறுபத்து மூன்று தட்டியிருந்தான். இடக்காலால் அடிக்கும் பத்துப் பாஸில் ஆறு சரியாகப் போக வேண்டும். அவனுக்கு எட்டுப் போயிருந்தது. முப்பது மீற்றர் ஓட்டத்தில்தான் வினை. நாலு தசம் ஐந்து விநாடியில் ஓடியிருந்தான். இடப்பக்க நிரல் நாலு தசம் ஆறு கேட்டது, வலப்பக்க நிரல் நாலு தசம் நாலு. கசெற்றில் பீப் ஒலிக்க ஒலிக்க அங்குமிங்கும் ஓடும் ஓட்டத்திலும் அதே கதை. அவன் பதினோராம் படி வரை போயிருந்தான். இடப்பக்கத்துக்குப் பதினொன்று போதும், வலப்பக்கத்துக்குப் பன்னிரண்டு வேண்டும்.

வலப்பக்க நிரலைச் சிவப்புப் பேனையால் சுற்றி, கீழே ‘தகுதியில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

அருள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“சப்பாத்தை ஏன் எறிஞ்சனி?”

“இனித் தேவையில்லை. ஐ’ம் டூ ஸ்லோ.”

“உனக்குப் பதினாறு வயசு. வலப்பக்கத்திலை என்ன செய்யிறாய்?”

அவன் எழும்பி இருந்தான். “அப்பா சொல்லித் தந்த டேட் ஒவ் பேர்த்தைத்தான் எழுதினன். ஜனவரி ஒண்டு. ஸ்கூலிலையும் அதுதான், டொக்டரிட்டையும் அதுதான். அஞ்சு வருசமா கிளாஸிலை நான்தான் கட்டையன். ‘டைனி’ எண்டுதான் கூப்பிடுவாங்கள். என்னிலும் மூத்த பெடியளோட ஓடுறன் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது? சொல்லாதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“அப்பா சொன்னவர்.”

“நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள்.”

அது உண்மைதான். அதனாலேயே அவளுக்குப் புருஷன்மேல் கோபம் வந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் அகதிகளாக லண்டன் ஹீத்ரோவில் இறங்கியபோது நடந்த சங்கதி அது. கையில் இருந்த பத்திரங்களை, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வழியிலேயே வாங்கிக் கொண்டு போய்விட்டான். மேசைக்கு அந்தப் பக்கத்தில் அதிகாரி, இந்தப் பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த ஒருவர். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார்கள். அவளுடைய புருஷன் சூசைதாசன் நம் வழக்கப்படி, “பன்னிரண்டு நடக்குது,” என்றான். கார்த்திகையில், அதாவது நவம்பரில், பதினொன்று முடிந்திருந்தது. அதனால் பன்னிரண்டு நடந்தது. மொழிபெயர்ப்பாளர் ‘நடக்குது’ என்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டை மட்டும் சொன்னார். அதிகாரி எண்பத்தெட்டில் பன்னிரண்டைக் கழித்து, ஜனவரி ஒன்று, எழுபத்தாறு என்று எழுதினார். ஒரு சொல் தவறிப்போனதில் பிள்ளைக்குப் பத்தரை மாதம் கூடிவிட்டது.

மறுநாள் தமிழ்ப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. சூசைதாசன் வழக்கம்போல் கையை நீட்டினான். றோஸ்மலர் திரும்பி, பின்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனுஷிக்குச் சமாதானம் சொன்னாள். புருஷனுடைய கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பீடத்தடியில் நற்கருணை வாங்க அவள் எழும்பவில்லை.

ஸ்ட்ரெதத்தில், கடைக்கு மேலே இருந்த வீட்டுப் படியேறும்போதே தொடங்கிவிட்டாள்.

“கோயிலிலை அவன்ரை உறுதிபூசுதலுக்கு மன்னாரிலை இருந்து ஞானஸ்நானப் பத்திரம் எடுப்பிச்சனாங்கள். அதிலை பிறந்தது கார்த்திகை இருபது, எழுபத்தாறு எண்டு கிடக்கு. கோயிலுக்கு ஒரு வயசு, அரசாங்கத்துக்கு ஒரு வயசு. பிள்ளையை ரெண்டாக் கிழிச்சு வைச்சிருக்கிறம்.”

“மெல்லமாக் கதை. கீழ்க்கடைக்காரனுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“நான் பொய் சொல்லேல்லை, றோஸ். பிழை விட்டது அந்த மொழிபெயர்த்த ஆள்.”

“முதல் நாள் பிழை அந்தாளின்ரை. பிறகு விசாவைப் புதுப்பிக்க ரெண்டு தரம் போம் நிரப்பினனீங்கள். ரெண்டு தரமும் ஜனவரி ஒண்டு எண்டு எழுதினது ஆற்றை கை?”

சூசைதாசன் கதிரையில் இருந்து தன் கைகளைப் பார்த்தான். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் கை. என்ன சவர்க்காரம் போட்டாலும் மணம் போகாது. “இப்ப போய் மாத்தச் சொன்னால், அப்ப மற்றதெல்லாம் பொய்யோ எண்டு கேப்பாங்கள். ஒரு விளையாட்டுக்காகக் குடும்பத்தைத் தெருவிலை விடச் சொல்லுறியோ?”

“அவனுக்கு அது விளையாட்டில்லை. சப்பாத்தைக் குப்பைக்கை போட்டிட்டான்.”

திங்கட்கிழமை மத்தியானம், இரண்டு ஷிப்டுக்கும் இடையில் அவள் கல்லூரிக்குப் போனாள். வேலைச் சட்டைக்கு மேலே கோட்டு, கைப்பைக்குள் ஞானஸ்நானப் பத்திரம். பயிற்சியாளர் கழுத்தில் விசிலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபடியே கேட்டார். அவளை இருக்கச் சொல்லவில்லை.

“எங்கள் பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் வயது,” என்றார். “தோற்ற பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் இங்கே ஏதோ ஒரு தாளோடுதான் வருகிறார்கள்.”

அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விமானநிலையக் கதையைச் சொன்னாள். ‘நடக்குது’ என்ற இடத்துக்கு வந்ததும் வேறு சொல் அகப்படவில்லை. “ட்வெல்வ் வோக்கிங்,” என்றாள்.

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். “பன்னிரண்டு நடந்து போகிறதா? எங்கே, கடைக்கா?”

“சிரியாதேங்கோ,” என்றாள் றோஸ்மலர். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலமும் வந்தது, உடைந்து உடைந்து, ஆனால் உரத்து. “அஞ்சு வருசமா என்ரை பிள்ளை மூத்த பிள்ளைகளுக்குப் பின்னாலை ஓடுறான். பின்னுக்கு நிக்கிறதாலை தான் பலவீனம் எண்டு நினைக்கிறான். பிழை அவன்ரை காலிலை இல்லை. ஒரு தாளிலை. அந்தத் தாளை வைச்சுக்கொண்டு நீங்கள் சிரிக்கிறியள்.”

பயிற்சியாளர் முகம் சிவந்து, மைதானத்தில் பிள்ளைகள் காத்திருப்பதாகச் சொல்லி வெளியே போனார்.

பக்கத்து மேசையில் புள்ளிகளைப் பதியும் கத்தரின் என்ற மனுஷி எழும்பிவந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி.

“இருங்கள். நடப்பது என்றால், அவன் பன்னிரண்டாவது ஆண்டுக்குள் போய்க்கொண்டிருந்தான், இன்னும் முடிக்கவில்லை. அதுதானே?”

“ஓம்,” என்று சொல்லிவிட்டு, “யெஸ், யெஸ்,” என்றாள் றோஸ்மலர். அந்தக் கதிரையில் இருந்து, கைப்பையைத் திறந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள். உலகத்தில் பெரிய நியாயங்கள் பிந்தித்தான் வரும். அதுவரை ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது இப்படி யாரோ இழுத்துப் போடும் ஒரு கதிரைதான்.

கத்தரின் பத்திரத்தைப் பிரதி எடுத்தாள். தேர்வான பிள்ளைகளின் பட்டியல் புதன்கிழமை நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போகும் என்றாள். அரசாங்கத்தின் பதில் வரவேண்டும் என்றில்லை. பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி விண்ணப்பித்ததற்கு ஒரு வழக்கறிஞரின் கடிதம் இருந்தால், பதிவை மாற்றத் தனக்கு அதிகாரம் உண்டு. “அதுவரை ஒரு வரியை வெறுமையாக விடுகிறேன். பயிற்சியாளர் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அன்று பின்னேரம் றோஸ்மலர் புருஷனுக்குத் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “புதன்கிழமை லீவு எடுங்கோ, லோயரிட்டைப் போவம். வராட்டி நான் தனியப் போய்ச் சொல்லுவன். உங்கட கையெழுத்து இல்லாமல் நான் சொன்னால், அதுதான் பொய் மாதிரி இருக்கும்.”

சூசைதாசன் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனான். புதன்கிழமை காலை அவன் முகம் வழித்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றான்.

இலவச சட்ட உதவி நிலையத்து வழக்கறிஞர் சின்னப் பெட்டை. விமானநிலையத்தில் கேட்டதையும் சொன்னதையும் முழுவதும் எழுதி, விசாப் போம்களில் அதே தேதியை மீண்டும் எழுதியதையும் மறைக்காமல் சேர்த்தாள். இரண்டாவது பக்கத்தின் அடியில் கையெழுத்து வைக்க வேண்டும். சூசைதாசன் பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி நின்றான்.

“திருப்பி ஊருக்கு அனுப்பிப்போட்டாங்கள் எண்டால்?” மனைவியை மட்டும் பார்த்துக் கேட்டான்.

அவளுக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. இத்தனை வருடமும் பக்கத்தில் நின்று வாயை மூடியிருந்தது அதனால்தான்.

“அப்ப மூண்டு பேரும் சேர்ந்து போவம். இப்ப கையெழுத்தை வையுங்கோ.”

அவன் வைத்தான். பிள்ளை எழுத்துப் போல இருந்தது. றோஸ்மலரின் கோபம் அதோடு தீரவில்லை. ஆனால் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். மூன்று நாளில் அதுவே முதல்தரம்.

கல்லூரிக்குள் நுழையும்போது நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கத்தரின் வழக்கறிஞரின் கடிதத்தில் கடைசி வரியை மட்டும் வாசித்து, பதிவுப் புத்தகத்தில் பழைய தேதியை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதை எழுதி, தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். பயிற்சியாளர் வாசலில் வந்து நின்றார்.

“அளவை எட்டியிருக்கிறான்,” என்றாள் கத்தரின், தலை நிமிராமல். “இடப்பக்க நிரலில்.”

அவர் தாளை வாங்கி, இலக்கங்களைப் பார்த்து, தோளைக் குலுக்கினார். “சனிக்கிழமை ஒன்பதரைக்கு வரச் சொல்லுங்கள். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.” மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. றோஸ்மலர் நன்றியும் சொல்லவில்லை.

கத்தரின் பட்டியலை எடுத்தாள். பதினாலாவது வரி வெறுமையாக இருந்தது. “நீளமான பெயர். எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள், அவசரமில்லை.”

சூசைதாசன் வாயைத் திறந்தான். றோஸ்மலர் அவனைப் பார்த்தாள். பிறகு, சரி சொல்லுங்கோ என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவன் மேசைக்குக் கிட்டப் போய், மகனுடைய பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஒவ்வொன்றும் எழுதி முடியும்வரை நின்று, பார்த்து, பிறகுதான் அடுத்ததைச் சொன்னான்.