காத்தவராயனின் இடது கண்

என் மாமனார் காத்தவராயன் எதைக் கேட்டாலும் கொடுப்பார், ரத்தத்தைத் தவிர. மூன்று வாரமாகக் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். முதல் வாரம் சர்க்கரை கூடியிருக்கிறது என்றார். அடுத்த வாரம் அமாவாசை. மூன்றாவது வாரம், "எண்பது ஆச்சும்மா எனக்கு. இந்த வயசுல ஊசி குத்தினா தாங்குமா?" என்றார். பெற்ற பிள்ளையின் கண்ணையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் நான். இவருக்கு ஒரு ஊசி மலையாகத் தெரிகிறது.

மூத்தவள் மமதாவுக்கு இரண்டு வயது. செல்லில் போட்டோ எடுத்தால் வலது கண் மட்டும் வெள்ளையாக மின்னியது. உள்ளே கட்டி. பெங்களூரில் கண்ணையே எடுத்துவிட்டார்கள். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தங்க மைன் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி என்றார் ஒருவர். கிரகணம் என்றார் இன்னொருவர். வயிற்றில் பிள்ளையோடு நான் தினமும் ரயிலேறி வேலைக்குப் போனதுதான் காரணம் என்று பக்கத்து வீட்டு ரெபேக்கா அக்கா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அதனால்தான், எடுத்த கட்டியையும் எங்கள் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்குக் கேட்டபோது உடனே கையெழுத்துப் போட்டேன். யாராவது ஒருவர் உருப்படியான காரணம் சொல்லட்டும்.

ஆராய்ச்சிக் குழுவில் எங்களுக்கு விளக்கிச் சொல்பவள் பியூலா. இந்தக் கட்டி வராமல் காக்க வேண்டிய மரபணுவில் மமதாவுக்கு ஒரு மாற்றம் இருக்கிறதாம். போன மாதம் பிறந்த என் சின்னவளுக்கும் அதே மாற்றம். என் கணவர் சரத்துக்கும் அதே. ஆனால் சரத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே இருக்கின்றன.

"அதுதான் குழப்பம்," என்றாள் பியூலா. "இது கெட்ட மாற்றமா, ஒண்ணும் செய்யாத மாற்றமான்னு எங்களால சொல்ல முடியல. சில குடும்பத்துல ஒருத்தரை விட்டுட்டு அடுத்த தலைமுறைக்குப் போகும். உங்க வீட்டுக்காரர் பக்கத்துல யாருக்காவது சின்ன வயசுல கண்ணு போயிருக்கா?"

"இல்லை" என்றேன். படிவத்திலும் என் கையாலேயே இல்லை என்று எழுதினேன்.

மாமனாரின் இடது கண் கண்ணாடிக் கண்தான். ஆனால் அது மைனில் போனது. எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் பழைய மைன் ஆட்களில் ஒருவருக்கு விரல் இருக்காது, ஒருவருக்குக் கால் இருக்காது. ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஷாஃப்ட் வழியாகக் கீழே இறங்கினார், எத்தனையாவது லெவல் என்றுதான் கேட்பார்கள். மைனில் போன கண்ணை டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாற்றம் கெட்டது என்றால் சின்னவளுக்கு உடனே மயக்க மருந்து கொடுத்து, கண்ணின் ஓரம் வரை பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து வரிசையில் பார்த்துக்கொள்ளலாம். தாத்தாவின் ரத்தமும் இருந்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும் என்றாள் பியூலா. தாத்தாவோ எனக்கு எண்பது என்று உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை அவர் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். எண்பது இல்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம். அடியில் மைன் கம்பெனி அட்டை இருந்தது. பிறந்த வருடம் 1951. சேர்ந்த வருடம் 1970. வேலை, தரைக்கு மேலே மர யார்டில். அதற்குக் கீழே அங்க அடையாளம்: இடது கண் செயற்கை.

மூன்று முறை படித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அந்தக் கண் இல்லை. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் மனுஷன் ஏறியதே கிடையாது.

அவர் வாழைப்பழச் சீப்போடு உள்ளே நுழைந்ததும் கேட்டேன். "மாமா, கண்ணு எந்த ஷாஃப்ட்ல போச்சு?"

"இன்னாம்மா புதுசா கேக்குற? பாறை வெடிச்சிதான்..."

அட்டையை நீட்டினேன். அவர் பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானா சொன்னேன்? பொண்ணு பாக்கப் போன ஊட்டுல, 'மைன்லயா?'ன்னு அவங்களே கேட்டாங்க. தலைய ஆட்டினேன். அப்புறம் ஒருத்தரும் வேற கேள்வி கேக்கல."

"எப்ப எடுத்தாங்க?"

"ரெண்டு வயசுல, வேலூர்ல. கண்ணு வெள்ளையா மின்னிச்சாம். எங்கம்மா சொல்லும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மமதாவின் கண்ணில் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, பூ விழுந்திருக்கிறது, சத்துக் குறைவு என்று யார் யாரோ சொன்னதைக் கேட்டு நான் மூன்று மாதம் அலைந்தேன். அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் என் வீட்டிலேயே டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பவே சொல்றதுக்கு என்ன மாமா?"

"சொன்னா, கெயவன் ரத்தம்தான் கொயந்த கண்ண எடுத்துச்சுன்னு ஆயிடும். அப்புறம் நீங்க என் மூஞ்சிய பாப்பீங்களா?"

"சின்னவ கண்ணும் போனப்புறம் பாக்கட்டுமா?"

கொடூரமான வார்த்தைதான். சொல்லிவிட்டேன். அவர் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எனக்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பெங்களூர் ஆஸ்பத்திரியில் பியூலாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஊசி குத்தியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை. ரத்தம் சோதித்து முடிவு வரும்வரை டாக்டர் காத்திருக்கவில்லை. தாத்தாவுக்கும் இருந்தது என்ற செய்தியே போதும் என்று சின்னவளை அன்றைக்கே உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மா, "இடது கண்ணுல கடுகளவு இருக்கு. லேசர்லயே சுட்டுடலாம். கண்ணும் இருக்கும், பார்வையும் இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மாமனாரை முறைத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் வந்திருப்போம். நான் எழுதிய அந்த 'இல்லை'யும் கூடவே ஞாபகம் வந்தது. அதற்கு யாரை முறைப்பது?

திரும்பி வரும் ரயிலில் மமதா அவர் மடியில் தூங்கினாள். எதிரே பாலகாட் மைன் பக்கத்துப் பழைய ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. மாமனாரின் கண்ணைப் பார்த்துவிட்டு உரிமையோடு கேட்டார். "எந்த ஷாஃப்ட்லண்ணா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி மர யார்டு வெடிக்கும், பாறை பறக்கும்.

"மைன்ல இல்லப்பா," என்றார் மாமனார், பெட்டி முழுக்கக் கேட்கும் குரலில். "கொயந்தையில கட்டி வந்து எடுத்தாங்க. என்கிட்டயிருந்துதான் இதுக்கும் வந்துச்சு."